ஆர்டர் போட்ட நேரம்

துளசிங்கம் சாரிடம் நான் கேட்ட முதல் கேள்வி, அசரியா சார் எழுதிக் கொடுத்த தாளில் முதலாவதாக இருந்தது. "இந்த புரோகிராம் உங்களுக்கு என்ன செய்து தர வேண்டும்?"

அவர் தாளை என் கையிலிருந்து வாங்கினார். பதினான்கு கேள்விகளையும் மேலிருந்து கீழே பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"இதெல்லாம் நீயே எழுதிக்க பாப்பா. எனக்கு ஒண்ணே ஒண்ணு தெரியணும். எவன் என்னை ஏமாத்தறான்?"

அதை எந்தக் கேள்விக்கு நேராக எழுதுவது என்று தெரியாமல் தாளின் ஓரத்தில் எழுதிக்கொண்டேன்.

அது 1996 ஜூலை. நான் இயற்பியலில் பி.எஸ்ஸி. முடித்துவிட்டு, மேற்கு தாம்பரத்தில் பாத்திரக்கடை மாடியில் இருந்த அசரியா சாரின் கம்பெனியில் சேர்ந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. கம்பெனி என்றால் இரண்டு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், சார், நான். பள்ளிகளுக்கு மார்க் ஷீட், மருந்துக் கடைகளுக்குச் சரக்குப் பட்டியல் என்று செய்துகொண்டிருந்தோம். முதலீட்டு நிறுவனம் ஒன்று எங்களைக் கூப்பிட்டது அதுதான் முதல் முறை. இது கிடைத்தால் இன்னும் பத்துக் கிடைக்கும் என்று சார் சொன்னார். பேசத் தெரியாத என்னை அனுப்பியது, அன்று அவருக்குக் காய்ச்சல் என்பதால்.

துளசிங்கம் சாரின் ஆபீஸ் இரும்புலியூரில், ஜி.எஸ்.டி. ரோட்டைப் பார்த்த மாடியில் இருந்தது. பெரும்பாக்கம், மேடவாக்கம் பக்கம் நிலத்தை பிளாட் போட்டு விற்றவர்கள் அவரிடம் பணம் கொடுப்பார்கள். அவர் அதை ஷேரில் போடுவார். அவரும் நிலம் விற்றவர்தான். பாரிமுனையில் இருக்கும் ஒரு புரோக்கர் வழியாகத்தான் வாங்க முடியும். இங்கிருந்து போனில் ஆர்டர் போகும், அங்கே கம்ப்யூட்டர் திரையில் வாங்குவார்கள். சாயங்காலம் ஃபாக்ஸில் பில் வரும். எந்த ஷேர், என்ன விலை, எத்தனை மணி எத்தனை நிமிடத்தில் வாங்கியது என்று எல்லாம் அதில் இருக்கும்.

போன் செய்பவர் சாமுண்டீஸ்வரி அக்கா. ரிசீவரை எடுக்கும் முன் ரோஸ் நிறச் சீட்டு ஒன்றில் யாருக்காக, எந்த ஷேர், எத்தனை, இப்போது மணி என்ன என்று எழுத வேண்டும். அது ஆபீஸின் சட்டம். பெயர் எழுதாமல் போன் செய்யக் கூடாது.

நான் கேள்விகளை முடிப்பதற்குள் ஒருவர் படியேறி வந்தார். வெள்ளைச் சட்டை, கையில் ஸ்கூட்டர் சாவி. பெரும்பாக்கம் குப்புராஜ்.

"இன்னா மச்சான், என் துட்டு மட்டும் பாவம் செஞ்ச துட்டா? என் பேர்ல வாங்குனா அன்னிக்கு சாய்ந்தரமே எறங்கிடுது. ஒரு தபான்னா சரி. மாசம் பூரா அப்டியேவா கீது?"

"பொறு குப்புராஜ். அதுக்குத்தான் இந்தப் பொண்ணு வந்துகீது. எல்லாத்தையும் கம்ப்யூட்டர்ல போட்டு புட்டுப் புட்டு வச்சிடும்."

குப்புராஜ் என்னைப் பார்த்தார். "இதா? வாயே தொறக்கலியே."

"மிஷின் தொறக்கும்."

சாமுண்டீஸ்வரி அக்கா ரிசீவரைத் தோளில் இடுக்கியபடியே சொன்னார். "அப்டியே டீ போடறதுக்கும் ஒரு மிஷின் சொல்லுங்க சார். நான் எத்தினி வேலதான் பாக்கறது?"

எல்லோரும் சிரித்தார்கள். துளசிங்கம் சார் சிரிக்கவில்லை. அவர் அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜூன் மாதச் சீட்டுகளை ஒரு கட்டாகவும், ஃபாக்ஸ் பில்களை ஒரு கட்டாகவும் கொடுத்தார். நூற்று நாற்பது ஆர்டர்கள். மூன்று நாளில் டைப் செய்து முடித்தேன். சீட்டில் எழுதிய நேரத்துக்கும் ஷேர் வாங்கிய நேரத்துக்கும் எத்தனை நிமிட இடைவெளி என்று தனியாக ஒரு கட்டம் போட்டிருந்தேன். மூன்று, நான்கு, ஐந்து என்று வரும் என்று நினைத்தேன்.

மைனஸ் எட்டு. மைனஸ் ஏழு. மைனஸ் ஒன்பது. மைனஸ் எட்டு. இடையிடையே சில பெரிய எண்கள். அவையும் மைனஸ்.

கழித்தலைத் தலைகீழாகச் செய்துவிட்டேனோ என்று புரோகிராமைப் பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது. அசரியா சாரிடம் காட்டினேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு பக்கம் படித்தார்.

"ஜோதி, இது என்னன்னு புரியுதா? ஷேர் வாங்கினப்புறம் சீட்டு எழுதியிருக்காங்க. அதாவது, யார் பேரும் சொல்லாம முதல்ல வாங்கிடறது. ஏறுதா இறங்குதான்னு பார்க்கறது. ஏறினா வேண்டியவங்க பேர், இறங்கினா வேண்டாதவங்க பேர். பெரிய பெரிய இன்வெஸ்ட்மென்ட் கம்பெனியெல்லாம் இதுக்குத்தான் பயப்படறாங்க. இதைப் பிடிச்சுக் கொடுக்கற புரோகிராம்தான் அவங்களுக்கு வேணும்."

வியாழக்கிழமை மாலை பட்டியலை அவரே எடுத்துக்கொண்டு மொபெட்டில் இரும்புலியூர் போனார். எனக்குப் பெருமையாக இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை அவர் உற்சாகமாக வந்தார்.

"நமக்கு ஆர்டர் கிடைச்ச மாதிரிதான். நாளைக்கு அந்த அம்மாவைக் கூப்பிட்டுப் பேசி அனுப்பிடப் போறாராம். நம்மளையும் வரச் சொல்றார். ஏரியால ஒருத்தனும் இனிமே அவங்களை வேலைக்கு வைக்க மாட்டான்னு சொல்றார்."

"எந்த அம்மாவை சார்?"

"சாமுண்டீஸ்வரி. வேற யாரு சீட்டு எழுதறாங்க?"

என் மேஜையில் பட்டியலின் இன்னொரு பிரதி இருந்தது. மறுபடியும் படித்தேன். இந்த முறை பெருமை இல்லை.

மைனஸ் எட்டு, ஏழு, ஒன்பது, எட்டு, ஆறு, எட்டு. ஒரு மாதம் முழுக்க, காலையிலும் மதியத்திலும், ஏறிய ஷேருக்கும் இறங்கிய ஷேருக்கும், குப்புராஜுக்கும் மற்றவர்களுக்கும் ஏறக்குறைய அதே எண். திருடுகிறவர் வேண்டிய இடத்தில்தான் திருடுவார். திருட்டுக்கு இவ்வளவு ஒழுங்கு இருக்காது. கல்லூரி ஆய்வகத்தில் வெர்னியர் காலிப்பர் என்ற அளவுகோல் கொடுப்பார்கள். அதில் பூஜ்யம் பூஜ்யத்தில் நிற்காவிட்டால் எடுக்கிற அளவு எல்லாமே ஒரே அளவு தப்பாக வரும். அளந்தவள் மேல் குற்றமில்லை.

ஒரு சீட்டில் எழுத்து புரியவில்லை என்று சாரிடம் பொய்க் காரணம் சொல்லிவிட்டு பஸ் ஏறினேன்.

துளசிங்கம் சார் கோவளத்தில் ஏதோ இடம் பார்க்கப் போயிருந்தார். சாமுண்டீஸ்வரி அக்கா போன் பக்கத்தில் டிபன் பாக்ஸைத் திறந்து எலுமிச்சை சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"வா ஜோதி. இன்னா சொல்லுது உன் மிஷின்? ஆம்புட்டானா திருடன்?"

சுவர்க் கடிகாரத்தில் மணி ஒன்று இருபத்தொன்று. என் வாட்சில் ஒன்று பத்து. வரும் வழியில் ஸ்டேஷன் கடிகாரத்தைப் பார்த்து அதைச் சரிபார்த்திருந்தேன்.

"அக்கா, அந்தக் கடிகாரம்..."

"பதினோரு நிமிஷம் ஃபாஸ்ட். நான்தான் ஸ்டூல் போட்டு ஏறி வச்சேன். செங்கல்பட்டு வண்டிய வுட்டா அடுத்ததுக்கு ஒரு மணி நேரம் நிக்கணும். கூடுவாஞ்சேரில எம் பொண்ணு பூட்டுன வூட்டு வாசல்ல பையோட உக்காந்திருப்பா. இங்க எல்லாருக்கும் தெரியும் அது ஃபாஸ்ட்னு."

"சீட்டுல எந்த நேரம் எழுதுவீங்க?"

"அதப் பாத்துதான். வேற எதப் பாக்கறது?"

இன்னொரு வாய் எடுத்தார். மெல்லுவது பாதியில் நின்றது.

"ஏன் கேக்கற?"

"சும்மாதான் அக்கா."

"சும்மா கேக்கற மூஞ்சி இல்லயே இது."

நாளை நடக்கப்போவதை அங்கேயே சொல்லியிருக்கலாம். "வரேன் அக்கா" என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கினேன். படியில் திரும்பிப் பார்த்தபோது அவர் டிபன் பாக்ஸை மூடிவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்று பிற்பகல் எல்லாச் சீட்டுகளின் நேரத்திலிருந்தும் பதினோரு நிமிடத்தைக் கழித்தேன். நூற்று முப்பத்தோரு வரிகள் நேராகிவிட்டன. மூன்று நிமிடம், இரண்டு, நான்கு. போன் செய்து வாங்க எவ்வளவு ஆகுமோ அவ்வளவு.

ஒன்பது வரிகள் மட்டும் நேராகவில்லை. மைனஸ் நாற்பத்திரண்டு. மைனஸ் ஐம்பத்தைந்து. ஒன்று மைனஸ் தொண்ணூற்றெட்டு.

அந்த ஒன்பது சீட்டுகளையும் கட்டிலிருந்து தேடி எடுத்தேன். அக்கா பால்பாயின்ட் பேனாவில் உருண்டையாக எழுதுவார். இவை மைப் பேனாவில், வலப்பக்கம் சாய்ந்த எழுத்தில் இருந்தன. நான்கு பச்சையம்மா பெயரில். ஐந்து குப்புராஜ் பெயரில். பழைய பேப்பர்களைப் புரட்டி அந்தந்த நாள் மாலை விலையைப் பார்த்தேன். பச்சையம்மாவின் நான்கும் ஏறியிருந்தன. குப்புராஜின் ஐந்தும் இறங்கியிருந்தன.

"சார், பச்சையம்மாங்கறது யாரு?"

"துளசிங்கம் சாரோட வீட்டம்மா. ஏன்?"

பட்டியலைக் கொடுத்தேன். அவர் இந்த முறை ஒரு பக்கம்தான் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"கடிகாரத்தைச் சொல்லிடுவோம். அது நியாயம். இந்த ஒன்பது நமக்கு எதுக்கு ஜோதி? இதை எடுத்துட்டு வராதே."

"சரி சார்" என்றேன். அவர் டீ குடிக்கப் போனதும் கார்பன் தாள் வைத்து நூற்று நாற்பது வரிகளையும் பிரிண்ட் எடுத்தேன்.

சனிக்கிழமை துளசிங்கம் சாரின் கண்ணாடி அறையில் நாங்கள் இருவரும் உட்கார்ந்திருந்தோம். சாமுண்டீஸ்வரி அக்காவை நிற்க வைத்துப் பேசினார்.

"அஞ்சு வருஷமா சோறு போட்ட எடம். இன்னா கொற வச்சேன் உனக்கு?"

"எதப் பத்திப் பேசறீங்க சார்?"

"குப்புராஜ் துட்டு எங்க போவுதுன்னு பேசறேன். அந்த புரோக்கர் எத்தினி குடுக்கறான் உனக்கு? வாங்கிட்டு அப்பால சீட்டு எழுதற. நான் சொல்லல, மிஷின் சொல்லுது."

அக்கா என்னைப் பார்த்தார். "மிஷினா சொல்லுது? இல்ல இவளா?"

அசரியா சார் தொண்டையைச் செருமினார். "சார், அதுல ஒரு சின்ன விஷயம்..." என்று ஆரம்பித்தார். துளசிங்கம் சார் கையைக் காட்டியதும் நிறுத்திவிட்டார். மறுபடியும் ஆரம்பிப்பார் என்று காத்திருந்தேன். அவர் ஆரம்பிக்கவில்லை.

"கடிகாரம் பதினோரு நிமிஷம் ஃபாஸ்ட் சார்" என்றேன்.

"இன்னா?"

மறுபடியும் சொன்னேன். சொல்லிவிட்டுப் பையிலிருந்து பட்டியலை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். அவர் அறையின் கண்ணாடி வழியாகச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பென்சிலை எடுத்து வரி வரியாக இறங்கினார்.

"சரியாத்தான் வருது. மூணு. ரெண்டு. மூணு..."

இரண்டாம் பக்கத்தில் பென்சில் நின்றது.

பக்கத்தில் இருந்த அசரியா சார் என் காலை மிதிப்பது போலத் தன் காலை நகர்த்தினார்.

"இது இன்னா ஒம்பது?" என்று துளசிங்கம் சார் கேட்டார். எனக்குத் தெரியுமா என்று அளக்கிற குரல்.

"அது மட்டும் சரியாகல சார்."

"ஏன்?"

"அந்தச் சீட்டெல்லாம் வேற கையெழுத்து."

அவர் பென்சிலைக் கீழே வைத்தார். தாளை இரண்டாக மடித்தார், நான்காக மடித்தார், சட்டைப் பையில் வைத்தார்.

"சரி. சாமுண்டி மேல தப்பில்ல. கடியாரத்த சரி பண்ணிட்டு போயி வேலயப் பாரு."

அக்கா போகவில்லை.

"அந்தப் பேப்பர் எனக்கும் ஒண்ணு வேணும் சார்."

"உனக்கு எதுக்கு?"

"என்னைத் திருடின்னீங்க. நான் இல்லன்னு சொல்றது அந்தப் பேப்பர்தான். திங்கக்கெழம குப்புராஜ் அண்ணன் வருவாரு. யாருன்னு கேப்பாரு. நான் இல்லன்னாவது காட்ட வேணாமா?"

"குப்புராஜுக்கு நான் சொல்லிக்கறேன்."

"நீங்களும் சொல்லுங்க. பேப்பர் எங்கிட்டயும் இருக்கட்டும்."

கார்பன் பிரதி என் பையில் இருந்தது. அதை எடுத்து நீட்டினேன். யாரும் சொல்லி நான் செய்யவில்லை. அக்கா வாங்கிக்கொண்டார், பிரித்துப் பார்க்கவில்லை.

துளசிங்கம் சார் அசரியா சார் பக்கம் திரும்பினார். "சார், அந்த டைம் போடற கட்டம் வேணாம். அத எடுத்துட்டுக் குடுங்க."

"நீங்க கேட்டதே அதுதானே சார்."

"அப்ப கேட்டேன். இப்ப வேணாம்."

"அது இல்லன்னா நான் போன தொட மாட்டேன்" என்றார் அக்கா, கதவுப் பிடியில் கை வைத்தபடி. "நாளைக்கு இன்னொரு கொற சொல்லுவீங்க. அன்னிக்கு நான் எதக் காட்டறது?"

அக்காவைப் போகச் சொல்ல அவருக்கு ஒரு நொடி போதும். ஆனால் அந்தத் தாள் அக்கா கையில் இருந்தது. அவர் மேஜைக் கண்ணாடியை விரலால் தட்டிக்கொண்டிருந்தார்.

"அசரியா சார், புரோகிராம் வந்தப்புறம் அந்த டைம யாரு எழுதுவா? இவளா?"

"இல்ல சார். ஆர்டரை டைப் பண்ணினதும் மிஷினே தன் கடிகாரத்தைப் பார்த்துப் போட்டுக்கும்."

"மிஷினே போட்டுக்குமா?" சற்று யோசித்தார். "அப்ப இருக்கட்டும்."

இவ்வளவு சுலபமாக ஒப்புக்கொண்டது எனக்குப் பிடிக்கவில்லை.

படியில் இறங்கும்போது அக்கா பின்னால் வந்தார். அசரியா சார் கீழே மொபெட்டை உதைத்துக்கொண்டிருந்தார்.

"நேத்தே சொல்லியிருக்கலாம்ல நீ? ராத்திரி பூரா தூக்கம் இல்ல எனக்கு."

"மன்னிச்சிடுங்க அக்கா."

"அந்த ஒம்பது யாருதுன்னு தெரியுமா உனக்கு?"

"தெரியும்."

"எனக்கு ரெண்டு வருஷமாத் தெரியும்." கத்தரிக்காய் விலை சொல்வது போலச் சொன்னார்.

"குப்புராஜ் சார்கிட்ட சொல்லியிருக்கலாமே?"

"சொல்லிட்டு? நீ சோறு போடுவியா?"

அந்தத் தாளை அக்கா குப்புராஜிடம் காட்டுவாரா, இல்லை வேலைக்குக் காவலாக வைத்துக்கொள்வாரா என்று யோசித்தபடி இறங்கினேன். அவர் நல்லவர் என்று முதல்நாள் வரை சந்தேகமே இல்லாமல் நம்பியிருந்தேன்.

மொபெட்டில் பின்னால் உட்கார்ந்ததும் அசரியா சார், முன்னால் பார்த்தபடியே சொன்னார். "இனிமே எனக்குத் தெரியாம எதையும் பிரிண்ட் எடுக்காதே."

"சரி சார்."

புதன்கிழமை கம்ப்யூட்டரைக் கொண்டுபோய் அக்காவின் மேஜையில் வைத்தோம். திங்கட்கிழமை குப்புராஜ் வந்தாரா என்று நான் கேட்கவில்லை, யாரும் சொல்லவும் இல்லை. அக்கா முதல் ஆர்டரை ஒரு விரலால் டைப் செய்தார். பக்கத்தில் 10:42 என்று தானாக விழுந்தது. அக்கா என்னைப் பார்த்துச் சிரித்தார். சனிக்கிழமைக்குப் பிறகு அதுதான் முதல் சிரிப்பு.

துளசிங்கம் சார் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"சாமுண்டி, கீழ போயி மூணு டீ சொல்லிட்டு வா."

அக்கா எழுந்தார். வாசல்வரை போய்த் திரும்பிப் பார்த்துவிட்டு இறங்கினார்.

"பாப்பா, நல்லா செஞ்சுகீற. ஒரு டவுட்டு. செவுத்துக் கடியாரம் பதினோரு நிமிஷம் முன்னாடி ஓடுச்சு. அதே மாதிரி இதும் தப்பா ஓடுனா எப்டி திருத்தறது?"

கேள்வியில் குறையே இல்லை. எந்த வாடிக்கையாளரும் கேட்கலாம். பதிலும் சுலபம். TIME என்று நான்கு எழுத்தில் ஓர் ஆங்கில வார்த்தையை டைப் செய்து வேண்டிய நேரத்தைக் கொடுத்தால் போதும். யார் உட்கார்ந்தாலும் செய்யலாம். மதியம் மூன்று மணிக்கு ஷேர் ஏறியதைப் பார்த்துவிட்டுக் காலை பத்தரை என்று வைத்து ஆர்டர் போடலாம். சீட்டிலாவது கையெழுத்து தெரியும். இதில் அதுவும் தெரியாது. அந்தப் புரோகிராமை எழுதிய இத்தனை நாளில் எனக்கு இது ஒரு முறைகூடத் தோன்றவில்லை.

இங்கே என்ன நடந்தாலும் இந்த மேஜையில் உட்கார்கிறவர் அக்காதான். திரையில் விழுகிற நேரமெல்லாம் அவர் போட்ட நேரமாகத்தான் இருக்கும்.

"திருத்த முடியாது சார்" என்றேன்.

"முடியாதா?"

"உள்ளே ஒரு பேட்டரி இருக்கு. செய்யற இடத்துலயே செட் பண்ணிடுவாங்க."

பேட்டரி இருப்பது உண்மை. அவர் அசரியா சாரைப் பார்த்தார். சார் குனிந்து பிரிண்டர் வயரைச் சுவரோரம் ஒதுக்கிக்கொண்டிருந்தார். அன்று காலை எட்டரை மணிக்கு அந்தக் கம்ப்யூட்டரின் நேரத்தைச் சரிசெய்தவர் அவர்தான். என் எதிரில்தான் செய்தார்.

"ஆமா சார்" என்றார், நிமிராமலே. "அது சீல் பண்ணினது."

எங்களுக்கு வர வேண்டிய செக்குக்காகச் சொன்னாரா, எனக்காகச் சொன்னாரா, அக்காவுக்காகவா என்று எனக்குத் தெரியாது. பிறகு நான் கேட்கவும் இல்லை.

துளசிங்கம் சார் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். நான் கீபோர்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அப்டியா?" என்று சிரித்தார். "சரி. நாலு பேரக் கேட்டா தெரிஞ்சிட்டுப் போவுது."

அக்கா டீயோடு வந்தார். எங்கள் மூவரின் முகத்தையும் ஒரு சுற்று பார்த்தார்.

"இன்னா பேசினீங்க?"

"ஒண்ணுமில்ல" என்றார் துளசிங்கம் சார். "மிஷின் நல்லாகீதுன்னு பேசினோம்."

அக்கா என்னைப் பார்த்தார். நான் டீயைக் குடித்தேன்.

மாலையில் பஸ்ஸின் ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தேன். இரும்புலியூரிலிருந்து தாம்பரம் ஸ்டேஷன் வருவதற்குள் கம்ப்யூட்டர் சென்டர் போர்டுகளை எண்ணினேன். மூன்று இருந்தன. ஒன்றில் பெயின்ட் இன்னும் காயவில்லை. மூன்றிலும் முதல் நாள் பாடத்திலேயே அந்த நான்கு எழுத்தைச் சொல்லிக் கொடுத்துவிடுவார்கள்.